நெய் இல்லாத ஹோமம்

கரிவலம்வந்தநல்லூர் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அந்த ஊருக்குப் போன கதையை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாண்டியர் சேர்த்து வைத்த சுவடிகள் கோயிலில் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு ஆவலோடு போனார். ஏடுகளா, அவற்றை ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்றே என்றார்கள். சொன்னவருக்குக் கூச்சம் இல்லை. விதிப்படிதானே செய்தார்கள்.

நகல் கிடையாது. எந்தெந்த நூல் போயிற்று என்று சொல்லவும் ஆள் கிடையாது. ஆனாலும் அந்தக் காலத்து நிர்வாகத்தை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். நெய்யாவது செலவழித்தார்கள்.

இப்போது அந்தச் செலவும் மிச்சம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில், அரசின் தகவல் மையத்தில், லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான அரசு இணையச் சேவைகள் முடங்கின. அவற்றில் பெரும்பாலானவை மெல்ல எழுந்துவிட்டன. எழாதது ஒன்று. ‘ஜி-டிரைவ்’. அரசு ஊழியர் ஒருவருக்கு 30 ஜிபி வீதம் ஒதுக்கி, வேலைக் கோப்புகளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காதே, இங்கே வை என்று அரசே சொல்லிக் கொடுத்த பெட்டகம். 858 டெராபைட். சாம்பல்.

ஏன் வெளியே நகல் வைக்கவில்லை? கொள்ளளவு மிகப் பெரிது, அதனால் முடியவில்லை என்றார்கள். பீரோ ரொம்பப் பெரிசு, அதனால் பூட்டு வாங்கவில்லை என்பது போல. கடையில் 20 டெராபைட் ஹார்டு டிஸ்க் கிடைக்கிறது. 43 வாங்கினால் ஒரு பிரதி அடங்கிவிடும். நம்மூர் தாலுகா ஆபீசின் இரும்பு அலமாரியில் ஒரு தட்டு காலி செய்தால் போதும். மின்னாளுமைக்கு உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு அது. அங்கேயே இந்தக் கதி.

நம்மூருக்கு வருவோம். சாதிச் சான்றிதழா? மூன்று ஜெராக்ஸ். பட்டா மாறுதலா? மூன்று ஜெராக்ஸ். ஆதார் எண்ணை அவர்களே கொடுத்தார்கள், அவர்கள் கணினியிலேயே இருக்கிறது, இருந்தாலும் ஜெராக்ஸ். ஒருகாலத்தில் கெஜட்டட் ஆபீசரைத் தேடிப் பிடித்துப் பச்சை மையில் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். இப்போது நம் கையெழுத்தே போதும் என்று பெரிய மனது பண்ணியிருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பக்காரர்கள் 3-2-1 என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். நம் அரசு அலுவலகங்கள் இந்த விதியை அரை நூற்றாண்டாகக் கறாராக அமல்படுத்துகின்றன. நம் மேல் மட்டும்.

நாம் மூன்று கொடுக்கிறோம். அவர்கள் தங்களுக்கென்று எத்தனை வைத்திருக்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள். ‘எல்லாம் கிளவுடில் இருக்கு சார்.’

கிளவுட் என்றால் வேறொன்றுமில்லை. வேறொருவருடைய கம்ப்யூட்டர், வேறொருவருடைய கரன்ட், வேறொருவருடைய பேட்டரி. 99.9 சதவீதம் சேவை உறுதி என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது கதவு திறந்திருக்கும் என்பதற்கான உறுதி. உள்ளே நீங்கள் வைத்த சாமான் இருக்கும் என்பதற்கு அல்ல. கதவு திறக்காவிட்டால் கூகுள் என்ன பரிகாரம் தருகிறது தெரியுமா? அதே சேவையைச் சில நாள் இலவசமாக நீட்டித்துத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் தன் சேவை ஒப்பந்தத்திலேயே, உங்கள் தரவுக்கு நீங்களே அவ்வப்போது நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்து வைத்திருக்கிறது. யார் படித்தார்கள்? ‘ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். 2024இல் அதே நிறுவனம் நகல் எடுக்கும் சேவையைத் தனிக் கட்டணத்துக்கு விற்கவும் ஆரம்பித்தது. முதலில் கவலையே வேண்டாம் என்று காசு வாங்கினார்கள். இப்போது கவலைக்குத் தனிக் காசு.

பெரிய கம்பெனி, தப்பு நடக்காது என்பவர்களுக்கு யூனிசூப்பர் கதை. ஆஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதியம். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், சுமார் 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் சொத்து. 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் அது வைத்திருந்த தனிப் பகுதியே துடைத்து அழிக்கப்பட்டது. ஹேக்கர் இல்லை, தீ இல்லை, வெள்ளம் இல்லை. அதை அமைத்தபோது கூகுள் ஊழியர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். ஒரு வருடம் முடிந்ததும் இயந்திரம் தானே அழித்துவிட்டது. நாம் விண்ணப்பத்தில் தகப்பனார் பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டால் கவுன்டரில் மூஞ்சியில் எறிகிறார்கள். இரண்டு வேறு இடங்களில் பிரதி இருந்ததே என்று கேட்கலாம். இரண்டிலும் சேர்ந்தே அழிந்தது. வேறொரு நிறுவனத்திடமும் தனியாக நகல் வைத்திருந்தார்கள், அதனால் மீண்டார்கள். அங்கே யாரோ ஒருவர் பட்ஜெட் கூட்டத்தில் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும்.

அழியவே வேண்டாம், கணக்கைப் பூட்டினாலும் போதும். 2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவை திடீரென்று நின்றது. காசு கட்டாததால் அல்ல. ரஷ்யப் பங்கு இருக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. இந்தியக் கம்பெனி, இந்திய மண், தன் சொந்த மின்னஞ்சல். திறக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. சில நாளில் சேவை திரும்பியது. கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் நிறுவனத்துக்கு வக்கீல் உண்டு. இலஞ்சியில் அரிசி மண்டி வைத்திருப்பவருக்கு?

இதெல்லாம் அந்நியக் கம்பெனியை நம்பியதால் வந்த வினை, சுதேசிக்கு மாறினால் தீர்ந்தது என்று ஒரு கூட்டம் மார் தட்டுகிறது. தென்காசிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, நியாயம்தான். பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் தளத்துக்குத்தான் மத்திய அரசு ஊழியர் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் மாற்றப்பட்டது. 2023இல் கொடுத்த ஏழாண்டு ஒப்பந்தம். 2025இல் செய்தி வந்தபோது மந்திரிகள் முகவரி மாற்றி அறிவித்தார்கள், தொலைக்காட்சிகள் கொடி பறக்கவிட்டன. எந்த நாட்டுக் கம்பெனி என்று விடிய விடியப் பேசினார்கள். ஒரு மின்னஞ்சல் அழிந்தால் யார், எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் மீட்பார்கள் என்று கேட்ட நெறியாளர் ஒருவரைக் காட்டுங்கள். தீ தேசபக்தி பார்ப்பதில்லை. சென்னை பேட்டரியும் தேஜோன் பேட்டரி மாதிரிதான் எரியும்.

இதைவிடத் தெளிவாக யோசித்த ஓர் ஆட்சியாளர் தென்காசியிலேயே இருந்தார். தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டு. இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களை வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தான். என் கட்டடத்துக்கு 99.9 என்று விளம்பரம் பண்ணவில்லை. குறை வரும் என்று ராஜாவே ஒப்புக்கொண்டான். வந்தது. கோபுரம் சிதைந்து பல காலம் நின்றது. 1990இல் புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

அரசை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக நம் முதலாளிகள் விடமாட்டார்கள். குற்றாலத்தில் சாரல் சீசன் என்றால் அறை முன்பதிவு, பில், ஏஜென்ட் கணக்கு எல்லாம் மின்னஞ்சலில்தான். சீசன் முடிகிறது. மேனேஜர் நின்றுகொள்கிறார். மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க முதலாளி அவர் கணக்கை நீக்குகிறார். கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். இருபத்தோராவது நாள் அந்தக் கடிதங்களைக் கூகுள் முதலாளியே வந்தாலும் தரமாட்டார். அப்புறம் ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும். சட்டப்படி ஆவணங்களை ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு. மின்னணுக் கணக்காக இருந்தால் தினமும் ஒரு நகல் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியையே திருத்தினார்கள். அதற்கு முன் ‘அவ்வப்போது’ என்றுதான் இருந்தது. ‘அவ்வப்போது’ என்றால் நம்மூரில் என்ன பொருள் என்று டெல்லிக்கே தெரிந்துவிட்டது போலும்.

‘அதான் டிரைவில் சிங்க் ஆகுதே’ என்பார் பக்கத்து நாற்காலிக்காரர். சிங்க் ஆவது நகல் அல்ல. இங்கே நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே வைரஸ் ஃபைலைப் பூட்டினால் பூட்டிய ஃபைலே பத்திரமாக அங்கே போய்ச் சேரும். தவறையும் விசுவாசமாகப் பிரதி எடுக்கும் வேலைக்காரன் அவன்.

அலுவலகங்களில் கூட்டம் போட்டு முடிவெடுக்கிறார்களாம், கிளவுடில் இருப்பதற்கு நகல் தேவையா என்று. முந்திரி, காராசேவு, சால்வை. புது சர்வர் அறைக்குக் குத்துவிளக்கு, ரிப்பன், அழைப்பிதழ் அச்சடிப்பு எல்லாவற்றுக்கும் நிதி உண்டு. நகலுக்கு மட்டும் ‘அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம்’. ரிப்பன் வெட்டினால் போட்டோ வரும். நகல் எடுத்தால் யாரும் போட்டோ எடுக்கமாட்டார்கள். வேறு காரணம் எதுவும் கிடையாது. எடுத்ததாகச் சொல்பவர்களிடமும் ஒரு கேள்வி பாக்கி: போன ஆடி மாதத்து ஒரு கடிதத்தை இப்போது, என் கண் முன்னால், மீட்டுக் காட்டுங்கள். பத்தில் எத்தனை பேர் தலை சொறிவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் உட்கார்ந்து எழுதிய கடிதங்கள் இன்று புத்தகமாகக் கிடைக்கின்றன. எந்த அரசும் காப்பாற்றவில்லை. வாங்கியவர்கள் வீட்டில் எடுத்து வைத்தார்கள். அஞ்சல் துறையைக் கேட்டு வைக்கவில்லை.

ஒரு சோதனை செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய். ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்: தங்கள் மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் வெளியிடத்தில் நகல் உண்டா, கடைசியாக மீட்டுப் பார்த்த தேதி என்ன? முப்பது நாளில் பதில் வர வேண்டும். என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: ‘தாங்கள் கோரிய கோப்பு இவ்வலுவலகத்தில் கண்டறிய இயலவில்லை. தங்கள் மனுவும் கிடைக்கப்பெறவில்லை. நகல் இருப்பின் மூன்று பிரதிகள், சுய கையொப்பத்துடன் அனுப்பவும்.’