மேட்டூரைக் கடலில் போட்டவன்

பிறந்து வளர்ந்த ஊரை ஆர்க்டிக் பெருங்கடலில் கொண்டுபோய்த் தள்ளிய ஆள் நான். அணை உடையவில்லை, வெள்ளம் வரவில்லை. இரண்டு எண்களை இடம் மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான். அந்த அளவுக்கு நான் எப்படித் தேறினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒரு கோடைகால மின்வெட்டில் தொடங்கியது. தெருவே வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தபோது, "கரண்டு எங்கே போகுதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன்" என்று அறிவித்தேன். எப்போதும் முழுத் திறனில் ஓடுவது என் உடம்பில் வாய் ஒன்றுதான்.

கண்டுபிடிக்க உண்மையில் ஒன்றும் இல்லை. மத்திய மின்சார ஆணையம் நாள்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. எந்த நிலையத்தின் நிறுவுதிறன் எவ்வளவு, நேற்றைய உற்பத்தி எவ்வளவு, எந்த அலகு எதனால் நிற்கிறது, நிலக்கரி எத்தனை நாளைக்குக் கையிருப்பு என்று வரிவரியாக இருக்கும். யாரும் பார்க்கலாம். காசு கேட்பதில்லை. படிக்கத் தெரியுமா என்றும் கேட்பதில்லை. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் தேடியது சொந்த ஊரை. மேட்டூர் பழைய அனல்மின் நிலையம், நிறுவுதிறன் 840. பக்கத்துக் கட்டத்தில் அன்றைய உற்பத்தி 15 சொச்சம். எனக்கு வியர்த்துவிட்டது. 840 இருக்க வேண்டிய இடத்தில் 15! மீதி 825 எங்கே? இரவோடு இரவாகப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் தயார். தலைப்பு: 'மேட்டூரில் மாயமான மின்சாரம்'.

நல்லவேளை, தபாலில் போடும் முன் எதிர் வீட்டு அண்ணனிடம் படித்துக் காட்டினேன். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, உங்க வீட்டு மோட்டார் எத்தனை ஹெச்.பி.?" என்றார்.

"ஒன்றரை, அண்ணே."

"அது எத்தனை மணி நேரம் ஓடுச்சுங்கறது வேற கணக்கு இல்லையா?"

840 என்பது மெகாவாட். அதாவது மோட்டாரின் ஹெச்.பி. மாதிரி. 15 என்பது மில்லியன் யூனிட், ஒன்றுக்குப் பத்து லட்சம். 840 மெகாவாட் 24 மணி நேரமும் மூச்சுவிடாமல் ஓடினால்கூட 20.16 மில்லியன் யூனிட்தான் வரும். நம் கணக்கில் 2 கோடியே 1 லட்சத்து 60 ஆயிரம். அப்படியானால் 15 என்பது முக்கால் பங்கு. நிலையம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. ஒழுங்காக வேலை செய்யாதது எது என்பதை அண்ணன் நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

அடுத்து, தமிழ்நாட்டின் மொத்தத் திறனை நானே கூட்டிப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். கூட்டக் கூட்ட மாநிலம் செழித்துக்கொண்டே போனது. இவ்வளவு வைத்துக்கொண்டா மின்வெட்டு என்று கொதித்தேன். மறுநாள்தான் தெரிந்தது. பட்டியலில் மேட்டூரின் நான்கு 210 மெகாவாட் அலகுகள் தனித்தனி வரிகளாக இருக்கின்றன. அதன் கீழே மொத்தம் 840 என்று இன்னொரு வரி. நான் இரண்டையும் கூட்டியிருந்தேன். மொய் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் போட்ட கூட்டுத்தொகையையும் யாரோ வைத்த மொய்யாக எடுத்துக்கொண்ட மாதிரி. போதாக்குறைக்கு, நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தது பழைய பட்டியல். அதில் 2017-லேயே மூடிவிட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட்டோடு கம்பீரமாக நின்றது. 1962-ல் பிறந்து 2020-ல் ஓய்வு பெற்ற நெய்வேலி முதல் அனல்மின் நிலையமும் 600-ஐ வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. செத்தவர்களிடமும் மொய் வாங்கியிருக்கிறேன்.

இதற்குப் பிறகாவது அடங்கியிருக்கலாம். ஆடி மாதம் வந்தது. அறிக்கையில் பல அலகுகளின் எதிரே 'ரிசர்வ் ஷட்டவுன்' என்று போட்டிருந்தது. "வரிசையா ரிப்பேர் ஆகிக் கிடக்குது, ராத்திரிக்கு எல்லாரும் மெழுகுவர்த்தி வாங்கி வச்சுக்குங்க" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். மூன்று வீட்டுக்காரர்கள் வாங்கியும் விட்டார்கள். அன்றிரவு விளக்கு ஒரு தடவைகூட மினுங்கவில்லை.

அண்ணன்தான் மறுபடி வந்தார். "கொதிகலன் குழாய் ஓட்டையாச்சுன்னு போட்டிருந்தா, அது ரிப்பேரு. இது அப்படி இல்ல தம்பி. எந்திரம் நல்லாத்தான் இருக்கு. முப்பந்தல் பக்கம் ஆடிக் காத்து சுத்தறப்ப காத்தாலை கரண்டே போதும்னு அனலை நிறுத்தி வைப்பாங்க. விருந்தாளி சோறு கொண்டு வந்தா வீட்டுல உலை வைப்பமா?" மெழுகுவர்த்தி வாங்கிய மூவரில் ஒருவர் இன்றும் என்னைப் பார்த்தால், "கார்த்திகை தீபத்துக்கு வச்சிருக்கேன்" என்கிறார்.

கடம்பாறை விஷயத்தில் நான் செய்தது மகளின் மதிப்பெண்ணில் கை வைத்தது. கோவை மாவட்டத்தில், ஆனைமலைக்குள் இருக்கும் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் அது. மின்சாரம் உபரியாக இருக்கும் நேரத்தில் கீழே இருக்கும் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை கூடும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். இதைப் படித்துவிட்டு, "ஒரே தண்ணீரில் திரும்பத் திரும்ப மின்சாரம், செலவே இல்லாத அதிசயம்" என்று மகளின் பள்ளிக் கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை சிவப்பு மையில், 'ஏற்றுவதற்கு?' என்று ஒரே சொல் எழுதி அனுப்பியிருந்தார். ஏற்றச் செலவாகும் மின்சாரத்தைவிட, இறக்கும்போது கிடைப்பது எப்போதும் குறைவுதான். அது மின்சாரத்தை அவசரத்துக்குச் சேர்த்துவைக்கும் இடம். சேர்த்துவைக்கக் கொஞ்சம் கூலி கொடுத்தாக வேண்டும். உற்பத்தி என்ற கட்டத்தைப் பார்த்த நான், அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு செலவுக் கட்டம் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. என் சம்பளத்தையும் அப்படித்தான் பார்த்து வருகிறேன்.

இனி கடல்.

உலக வள நிறுவனம் என்ற அமைப்பு 2021-ல் வெளியிட்ட தரவுத்தொகுப்பில் 167 நாடுகளின் ஏறத்தாழ 35,000 மின் நிலையங்கள் இருக்கின்றன. பெயர், திறன், எரிபொருள், எல்லாவற்றுக்கும் மேலாக அட்சரேகையும் தீர்க்கரேகையும். வரைபடம் போட்டு உறவினர் குழுவில் அசத்திவிடலாம் என்று தமிழ்நாட்டு நிலையங்களை மட்டும் பிரித்தெடுத்து, விடிய விடியப் புள்ளிகள் வைத்தேன். கண் எரிச்சலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலேயே அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் மச்சினனின் செய்தி: "மாமா, மேட்டூர்ல இப்ப பனிக்கரடி வருதாமே?"

அட்சத்தைத் தீர்க்கமாகவும் தீர்க்கத்தை அட்சமாகவும் ஊட்டியிருக்கிறேன். மேட்டூர், தூத்துக்குடி, கூடங்குளம் எல்லாம் வட துருவத்துக்குப் பக்கத்தில், நடுக்கடலில் மிதந்தன. நெய்வேலி மட்டும் 79 டிகிரி வடக்கில், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் கரையேறியிருந்தது. அந்தத் தீவுக்கூட்டத்தின் லாங்யர்பியன் ஊரில் நிலக்கரி மின் நிலையத்தை 2023-ல்தான் மூடினார்கள். அவர்கள் பாடுபட்டு மூடிய இடத்துக்கு நான் பழுப்பு நிலக்கரியோடு போய் இறங்கியிருக்கிறேன்.

அந்த அவமானத்தைத் துடைக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைபடத்தைத் திருத்த உட்கார்ந்தேன். மேட்டூர் காவிரிக்கரைக்குத் திரும்பியது. கூடங்குளம் கரையேறியது. நெய்வேலியை நார்வேயிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அண்ணனின் குரல்.

"தம்பி, டேங்க் நிரம்பி ஊத்துது!"

ஓடினேன். சன்ஷேடிலிருந்து தண்ணீர் அருவியாக இறங்கி, மனைவியின் துளசி மாடத்தைச் சுற்றி ஒரு குளமே கட்டியிருந்தது. மோட்டாரைப் போட்டதும் நான்தான், மறந்ததும் நான்தான். கடம்பாறையில் கீழே இறங்கும் தண்ணீர் மின்சாரமாவது கொடுக்கிறது.

"எவ்வளவு நேரமா ஓடுது?" என்று கேட்டார் அண்ணன்.

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"ஒன்றரை ஹெச்.பி., ரெண்டு மணி நேரம். எத்தனை யூனிட்டு, சொல்லுங்க பார்ப்போம்."

ஒரு ஹெச்.பி. 746 வாட் என்பது வரை எனக்குத் தெரியும். கணக்குப் போட ஃபோனை எடுத்து விரலை வைத்தேன்.

"ரெண்டே கால்" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அவளுக்கு எப்படித் தெரியும் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். தினக்காலண்டரின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் பென்சிலால் எங்கள் வீட்டு மீட்டர் எண் குறித்திருந்தது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்று அவளாக வைத்திருக்கும் அறிக்கை அது. அதுவும் பொதுவில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது, கல்யாணமான நாளிலிருந்து.