வெள்ளைக்கரு உண்போர் வழக்கியல்: ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தோரின் புரதக் கணக்கு பற்றிய ஓர் ஆய்வு

எடையைக் குறைக்கவும் தசையை ஏற்றவும் ஒரே நாளில் முடிவெடுத்து, ஜிம்முக்கு முன்பணம் கட்டியவர் இவ்வாய்வில் ‘புதியவர்’ எனப்படுவார். பணம் கட்டிய இரவே அவருக்குப் புரதக் கவலை பிறக்கும். டம்பெல்லைத் தொடுமுன்பே பிறந்துவிடுவதால், இக்கவலைக்கு உடற்பயிற்சி காரணமன்று என்க.

இக்கவலைக்கு நெடிய வரலாறு உண்டு. தசையை இயக்கும் எரிபொருளே புரதம்தான் என்று 19ஆம் நூற்றாண்டில் சாதித்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக். அதைச் சோதிக்க ஃபிக், விஸ்லிசேனுஸ் என்ற இருவர் 1865இல் சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலையில் ஏறினர். புரதமற்ற மாவைக் கொழுப்பில் பொரித்துத் தின்றனர். சர்க்கரை போட்ட தேநீர் குடித்தனர். தம் சிறுநீரை விடாமல் சேகரித்தனர். (இவ்வளவு சிரத்தையை இன்றைய ஜிம்களில் காண்பது அரிது.) சிறுநீரின் நைட்ரஜனை அளந்தபோது, உடலில் செலவான புரதம் அந்த ஏற்றத்துக்குப் போதவே போதாது என்று தெரிந்தது. எடையைத் தூக்க உதவுபவை பெரும்பாலும் மாவுச்சத்தும் கொழுப்புமே. புரதத்தின் வேலை தசையைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும்.

ஆயினும் புதியவரின் கவலை முழுக்க வீணன்று. சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். எடைப் பயிற்சியும் போதிய புரதமும் சேர்ந்தால் அந்த இழப்பு குறையும்; பசியும் சற்று அடங்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் பொதுமக்களுக்கு வகுத்த அளவு. எடைப் பயிற்சி செய்வோருக்குச் சுமார் 1.6 கிராம் வரை பலன் கூடுவதாகவும், அதற்கு மேல் சராசரியில் பெரிதாகக் கூடவில்லை என்றும் 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான மதிப்பீடு கூறியது. ஆக, 70 கிலோ எடையுள்ளவருக்கு 112 கிராம். மிகப் பருமனானவர் இலக்கு எடையை வைத்துக் கணக்கிடுவதே முறை. புதியவரோ, கரைக்க வந்த கிலோக்களுக்கும் சேர்த்தே புரதம் கேட்பார்.

இந்த 112ஐ எட்டும் வழியில்தான் கணிதம் இலக்கியமாகிறது. முதலாவது, சாம்பார் வழு. ‘சாம்பாரில் பருப்பு இருக்கிறதே’ என்று வீட்டார் சொல்வர்; இருக்கிறதுதான். ஒருவர் பங்குக்கு 30 கிராம் துவரம்பருப்பே விழுந்தாலும் கிடைப்பது ஆறேழு கிராம். இரண்டாவது, வேகாததன் கணக்கை வெந்ததற்கு எழுதும் வழு. காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. ஊறி வெந்த சுண்டலோ தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும். 100 கிராமுக்கு ஒன்பது கிராம் தேறினால் அதிகம். உலர்ந்த மீல்மேக்கரில் 50 கிராமுக்கு மேல் இருப்பதைப் படித்துவிட்டு, குருமாவில் மிதப்பதை நிறுத்துக் கணக்கெழுதுவோரும் உளர். மூன்றாவது, வேர்க்கடலை வழு. அதில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருப்பது மெய். அதே 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருப்பதைப் புதியவர் அறிய விரும்புவதில்லை. இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் வகுத்த பழமொழிக்காரர் கிராம் கணக்கு சொல்லாமல் போனது பெருங்குறை.

இனி முட்டை. மஞ்சள்கருவை விலக்குவது புதியவரின் முதல் துறவு. ஒரு முட்டையின் ஆறு கிராம் புரதத்தில் ஏறக்குறைய இரண்டரை கிராம் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. கொழுப்பெல்லாம் அங்கேயே இருப்பதால் கலோரி குறைவது உண்மையே. ஆனால் விலக்கப்பட்ட மஞ்சள்கரு வீட்டில் வீணாவதில்லை. பிள்ளைகள் மறுத்தால் நாய்க்குப் போகும். நாய் இல்லாத வீடுகளில் மாலையில் வெங்காயம், பச்சைமிளகாயுடன் ஆம்லெட்டாக மறுபிறவி எடுத்துப் புதியவரின் தட்டுக்கே திரும்பும். இந்த ஆம்லெட் எந்தக் கணக்கிலும் ஏறாது.

புரதப் பவுடர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலாடைக்கட்டி செய்கையில் பிரியும் நீரிலிருந்து எடுப்பதே வே பவுடர். ஒரு கரண்டியில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கும். அதாவது நான்கு முழு முட்டை. வசதியே அன்றி மந்திரமன்று. சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

பவுடர் தீர்ந்ததும் அந்தப் பெரிய டப்பா சமையலறைக்குச் சொந்தமாகும். மூடி இறுக்கமானது என்பதால் துவரம்பருப்பு போட்டு வைக்க ஏற்றது. அப்பருப்பிலும் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் உண்டு.