வேலை மாறினால் வைப்புநிதி என்னாகும்?

கேள்வி: கோரமங்கலாவில் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றில் சேர்பவர் பழைய வருங்கால வைப்புநிதியை எடுத்துவிடலாமா, மாற்றிக்கொள்ளலாமா?
- வாசகர், ஈஜிபுரா, பெங்களூரு

பதில்: மாற்றிக்கொள்வதே நலம். 2014-இல் அறிமுகமான யூஏஎன் என்னும் 12 இலக்க எண், தொழிலாளி எத்தனை நிறுவனம் மாறினாலும் மாறாமல் தொடர்வதால், மாற்றிக்கொள்ளும்போது பழைய கணக்கின் தொகையும் பணிக்காலமும் புதியதோடு இணைகின்றன; தொடர்ச்சியான பணிக்காலம் 5 ஆண்டுகளை எட்டுமுன் எடுக்கும் தொகைக்குப் பொதுவாக வருமான வரி உண்டு என்பதால், அவசரப்படுபவர் சேமிப்போடு வரிச் சலுகையையும் இழக்கிறார். நோய்ச் செலவு நேர்ந்தால், கணக்கை மூடாமலேயே மருத்துவ முன்பணம், அதாவது திருப்பிச் செலுத்த வேண்டாத பகுதித் தொகை, பெற வழியுண்டு. நாற்காலி எத்தனை முறை மாறினாலும் முதுமைக்கான அரிசி ஒரே பானையில் இருக்கட்டும். புதிய பணியில் சேர்ந்ததும் வைப்புநிதிக் கணக்கின் பாஸ்புக்கைச் சரிபார்ப்பது ஒவ்வொரு தொழிலாளியின் கடமை.