பூனைக்கு ஒரு பணியிடம்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகமே இருப்பதால் போதை ஒழிப்பு உறுதிமொழிக்குப் பஞ்சமில்லை. கையை நீட்டச் செலவும் இல்லை. கஞ்சா பிடிக்கத்தான் ஆள் வேண்டும். ஆளோ பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறார். கார்த்திகை தீபத்துக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் காவலர்கள் வந்து இறங்குவார்கள். தீபம் முடிந்தால் வண்டி ஏறிவிடுவார்கள். கஞ்சா விற்பவருக்கு பந்தோபஸ்து டூட்டி கிடையாது.

சரி, பிடித்துவிட்டால்? 2020-ல் சென்னை மெரினா போலீசார் இருவரிடம் 22 கிலோ கஞ்சா கைப்பற்றியதாக வழக்குப் போட்டார்கள். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு சிறை. 2023-ல் தீர்ப்பு வந்தபோது கோர்ட்டில் இருந்ததோ 50 கிராம். ஆய்வுக்கு அனுப்பிய இன்னொரு 50 கிராம் போக, மிச்சத்தை எலிகள் தின்றுவிட்டனவாம். இருவரும் விடுதலை. உட்கொள்வதும் குற்றம் என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்லியும் எலிகள் மீது எஃப்.ஐ.ஆர். இல்லை.

ஆள் பற்றாக்குறை என்று அடுத்த கோப்பு எழுதும்போது, ஸ்டேஷனுக்கு ஒரு பூனை என்றும் ஒரு வரி சேர்க்கலாம். பஞ்சப்படி கேட்காது, பௌர்ணமி டூட்டிக்கும் அனுப்ப முடியாது.