ஓடிடிஆர் சொன்ன இடத்தில் ஒன்றுமில்லை

பெறுநர்: தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் பவன், புது தில்லி.
நகல்: தோண்டும் உரிமை பெற்ற அனைத்துத் துறைகளுக்கும்.
பொருள்: புதைத்த இடத்தை மறந்தமைக்குப் பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.

மாண்புமிகு துறைக்கு,

தேனி மாவட்டம் தேவதானப்பட்டி வட்டாரத்தில் ஃபைபர் ஒட்டிப் பிழைப்பவர்கள் துறைக்குப் பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறார்கள். சாலையோரம் ஜேசிபி இறங்கினால்தான் அவர்களுக்கு வேலை. சாலையை அகலப்படுத்தும்போது ஒரு கட், குடிநீர்க் குழாய் பதிக்கும்போது ஒரு கட், அந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று தேடும்போது இன்னொரு கட். ஒருவரை ஒருவர் கேட்காமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்று 2023 மார்ச்சில் அரசே கணக்குச் சொன்னது. இவ்வளவு தாராளமாகப் பணத்தை மண்ணில் போட வேறு யாருக்கு மனசு வரும்?

வீட்டிலுள்ள ஓஎன்டி பெட்டியில், ஒளி வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒட்டுகிறவருக்குப் போன் வரும். ஒரு வீடு மட்டும் போயிருந்தால் கவலையில்லை. கனெக்டரில் அழுக்கு இருக்கும், அல்லது பச்சை முனையை நீல முனையோடு யாராவது செருகியிருப்பார்கள். பச்சை சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. இரண்டும் முகம் கொடுத்துப் பேசாது. ஓர் இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஒரே ஸ்ப்ளிட்டரில் தொங்கும் 32 வீடுகளும் ஒன்றாகப் போனால்தான் வண்டியை எடுக்க வேண்டும். வழக்கமான ஜிபான் இணைப்பில் ஒளி தாங்கும் மொத்த இழப்பு 28 டெசிபல் (டிபி). அதில் 17 டிபியை ஸ்ப்ளிட்டரே விழுங்கிவிடுகிறது. மீதி 11-க்குள் கேபிள், ஜாயின்ட், கனெக்டர் எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

பிறகு ஓடிடிஆர். இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, சிதறித் திரும்பும் வெளிச்சம் வந்து சேரும் நேரத்தை அளக்கும் கருவி. ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 10 மைக்ரோ நொடி. 1310 நானோமீட்டரில் ஒழுங்காகவும் 1550-இல் லாஸாகவும் காட்டினால் இழை முறியவில்லை, எங்கோ மடங்கியிருக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரக் கருவிக்கும் ஒன்று மட்டும் தெரியாது: சாலை. அது அளப்பது கண்ணாடியின் நீளத்தை. கேபிளைவிட உள்ளிருக்கும் இழை சற்று நீளம்; ஒவ்வொரு ஜாயின்டிலும் சில மீட்டர் கேபிள் சுருட்டி வைத்திருக்கும். 7,420 மீட்டர் என்று திரையில் வந்தால், சாலையில் அது எந்த இடம் என்று சொல்ல வழித்தட வரைபடம் வேண்டும்.

அந்தத் தாளைத்தான் துறை யார் கண்ணிலும் படாமல் காத்துவருகிறது. “புளியமரத்துலருந்து பத்தடி” என்று எவராவது குறித்து வைத்திருந்தாலும், சாலை அகலமானபோது மரமும் போய்விட்டது.

இடம் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. ஜேசிபி கேபிளைக் கத்தி போல வெட்டுவதில்லை, இழுக்கிறது. பள்ளத்துக்கு வெளியேயும் இழை முறிந்திருக்கும். ஆகவே நடுவில் புதுத் துண்டு, இரண்டு ஜாயின்ட். ஆடிக் காற்று அம்மியையே தூக்கும் என்கிற நாட்டில், 125 மைக்ரான் கனமுள்ள இழையைச் சீவி, சுமார் 9 மைக்ரான் உள்மையத்தை நேருக்கு நேர் நிறுத்தி ஒட்ட வேண்டும். தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிறம் பிசகாமல் ஒவ்வொன்றாக. நல்ல ஜாயின்ட் 0.05 டிபிக்கு மேல் இழக்காது. அந்தத் துல்லியம் துறையின் கோப்புகளிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்.

கோப்பின் கதை இது. 2011 அக்டோபரில் நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் என்று ஒப்புதல் ஆயிற்று. முதல் 1 லட்சம் முடிய 2017 டிசம்பர் ஆயிற்று. நடுவில் திட்டத்தின் பெயர் பாரத்நெட் என்று மாறியது. பெயர் மாற்றத்தில் மட்டும் எந்தத் தாமதமும் இல்லை. கேபிளை நேர்கோட்டில் போட்டால் ஒரு கட்டில் அதற்கப்பால் இருக்கும் ஊரெல்லாம் இருண்டுபோகும், வளையமாகப் போட்டால் மறுபக்கம் சுற்றி வரும் என்பது ஒட்டுகிறவர்களுக்கு எப்போதோ தெரியும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியபோது துறைக்கும் தெரிந்தது. (தேவதானப்பட்டி பேரூராட்சி, ஊராட்சிக் கணக்கில் வராது. அதற்காக யாரும் இங்கே தோண்டாமல் இருந்துவிடவில்லை.)

இங்குள்ள மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் மூடிய கதவுக்குத்தான் பூசை என்பதால், பூட்டிய ஊராட்சி அலுவலகத்துக்குள் கரண்ட் இல்லாமல் உறங்கும் ஃபைபர் பெட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போக இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோண்டுமுன் தகவல் சொல்ல 2023 மார்ச் 22 அன்று ஒரு செயலியும் வந்தது. நல்ல யோசனை. ஆனால் கேபிள் ஓடும் இடத்தை முதலில் அதில் ஏற்றியிருக்க வேண்டும். தோண்டிய பிறகு பதியலாம் என்றால் நெட் இருக்காது.

கடைசியாக ஒரு தொழில்நுட்ப விளக்கம். ஓடிடிஆரை ஒரு முனையில் மட்டும் வைத்து அளந்தால், சில ஜாயின்ட்களில் வெளிச்சம் கூடியதாகக் கோடு மேலேறும். இழை மாறும் இடத்தில் ஒளி சிதறும் அளவும் மாறுவதால் வரும் மாயம் அது. மறுமுனையிலிருந்தும் அளந்து சராசரி எடுத்தால்தான் உண்மையான நட்டம் தெரியும். துறையின் முன்னேற்ற அறிக்கைகள் அனைத்தும் தில்லி முனையில் அளந்தவை. கோடு மேலே போகிறது.

தேவதானப்பட்டி முனை காலியாகத்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கருவியோடு வரலாம். ஒப்பந்தக்காரர் பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஃபைபர் ஒட்டுகிறவர்களுக்காக.

இணைப்பு: வழித்தட வரைபடம் – துறையிடமிருந்து வந்ததும் அனுப்பப்படும்.