அப்பா கட்டிய பவளக்கொடி வேஷம்

மலேசியாவில், தாப்பாவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் எங்களுக்குச் சிண்டரெல்லாவைத் தெரியாது, பவளக்கொடியைத் தெரியும். அல்லி பெற்ற பிள்ளை புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். அர்ச்சுனன் பவளம் தேடிப் புறப்படுகிறான். பவளக்காட்டை ஆள்பவள் ஒரு பெண். கண்ணனின் துணையோடும் தந்திரத்தோடும் அர்ச்சுனன் அவளை மணந்துகொள்கிறான். வியாச பாரதத்தைப் புரட்டினால் இவள் அகப்பட மாட்டாள். புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் மாலைப் பாட்டுகளில் இருக்கிறாள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகத்தில் இருக்கிறாள். 1934இல் தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் திரையில் தோன்றியதே பவளக்கொடி படத்தில்தான். ஐம்பது பாட்டுக்குக் குறையாத படம் அது. எங்கள் தோட்டத்தில் பவளக்கொடியாக இருந்தவர் என் அப்பா.

அப்பா பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைவார். நாடகம் நெருங்கும் மாதங்களில் அந்த இருட்டில்தான் ஒத்திகை. அப்பா தன் நிரையிலிருந்து பவளக்கொடியின் பாட்டை எடுப்பார். நாலு நிரை தள்ளி வெட்டிக்கொண்டிருக்கும் அர்ச்சுனன் அங்கிருந்தே பதில் பாட்டுப் பாடுவார். உளி மரத்தில் ஓடும் வேகத்துக்குத் தாளம் தானாக அமையும். பால் மங்கு துடைக்கப் போகும் பிள்ளைகளான எங்களுக்கு நாடகம் இப்படித்தான் பாடமானது. கங்காணி அதட்டியதாக எனக்கு நினைவில்லை. அவரும் அந்த நாடகத்தில் கிருஷ்ணர்.

மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசிப் பாயில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருப்பவளுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அப்படிப் பாடுவதற்கான தொண்டை ரப்பர் மரங்களுக்கு நடுவே உருவான தொண்டை. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை வைத்து ஸ்திரீபார்ட் பாடிய ஆண்கள் அவர்கள். அந்தச் சுருதியில் இன்று பாடச் சொன்னால் எத்தனை பேர் நிற்பார்கள்?

மலாயாவில் 1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960இல்தான் முடிந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தொழிலாளர் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி, இரவானால் ஊரடங்கு. விடிய விடிய நாடகம் போட வழியில்லை. அதனால் 1960க்குப் பிறகு மாரியம்மன் திருவிழாவோடு நாடகம் திரும்பி வந்தபோது சனங்கள் பசித்தவர்களாக வந்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் சைக்கிளிலும் வந்து, மாலையிலேயே பாய் போட்டு இடம் பிடிப்பார்கள்.

மேடை போடுவது ஆண்கள் வேலை. கோயிலுக்கு முன்னால் பலகை அடித்து, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, இரண்டு பக்கமும் கேஸ்லைட்டு தொங்கவிடுவார்கள். பவளக்காடு மட்டும் எங்கள் பொறுப்பு. மஞ்சாடி மரத்தை இங்கே மலாய்க்காரர்கள் சாகா என்பார்கள். காய் முற்றி வெடித்தால் அடியில் சிவப்புச் சிவப்பாக விதை உதிர்ந்து கிடக்கும். பிள்ளைகள் மில்க்மெய்ட் டின்னில் பொறுக்கி வருவோம். அம்மா அதை வேகவைத்து இளக்கி, கோணி ஊசியால் குத்தி நூலில் கோத்துத் தருவாள். சரம் சரமாக மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் நீலப் படுதாவை இறக்கினால் கேஸ்லைட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மின்னும். பவளத்தை நான் கண்ணால் பார்த்தது ரொம்பப் பின்னால், ஈப்போவில் ஒரு நகைக்கடையில். மஞ்சாடியின் சிவப்பு அதற்கு இல்லை.

மீசை ஒட்ட ரப்பர் பால். முகத்துக்கு முத்துவெள்ளையும் அரிதாரமும். கிரீடம் அட்டையில் வெட்டி, சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளை நீவி நீவி ஒட்டியது. எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவுக்குச் சேலை கட்டிவிட்டது அம்மா. கட்டிவிட்டு லயத்து வாசலில் நடக்கவும் வைப்பாள்.

“இடுப்புல கைய வச்சிட்டா ராணி ஆயிடுமா? தலைய குனியாம நடங்க பாப்போம்” என்பாள்.

அப்பா நடப்பார். அவள் திருப்பி நடக்கச் சொல்வாள். பாட்டிலும் அப்படித்தான். சென்னையில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போட்ட பெரிய எழுத்துப் பவளக்கொடி மாலையை அம்மா ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டே மனப்பாடம் செய்தவள். அப்பாவுக்கு அடி மறந்தால் படுதாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பது அவள்தான். அந்த நாடகத்தில் முழுப் பாட்டும் தெரிந்த ஒரே ஆள் அவள். ஆனால் மேடை ஏறியதில்லை. பெண்பிள்ளை மேடையேறுவது தோட்டத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். தமிழ்நாட்டிலோ அதற்கு ஒரு தலைமுறை முன்பே கே.பி. சுந்தராம்பாள் மேடையேறி, கிட்டப்பாவோடு சமமாக நின்று பாடியாகிவிட்டது. அந்தப் பாட்டுகள் கப்பலேறி எங்கள் லயத்துக்கு வந்தன. அந்தச் சுதந்திரம் வரவில்லை. ஆணை அண்டவிடாமல் நாடாண்ட ஒருத்தியின் கதையை ஆண்கள் மட்டுமே கூடி நடித்ததை இன்று நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை. அப்பா நன்றாகவே நடித்தார். அம்மா அதைவிட நன்றாக நடித்திருப்பாள்.

நாடகம் இரவு பத்துக்குத் தொடங்கும். முதலில் பபூன். பிறகு ராஜபார்ட் திரைக்குள் இருந்தபடியே பாடுவார், முகம் தெரியாது. யார் குரல் என்று கூட்டம் கண்டுபிடித்துக் கைதட்டியதும்தான் வெளியே வருவார். நள்ளிரவு தாண்டி அர்ச்சுனனுக்கும் பவளக்கொடிக்கும் தர்க்கம். எழுதி வைத்த வசனம் அங்கே முடிந்துவிடும். அவர் ஒரு கேள்வி போடுவார், இவர் மடக்குவார். நடுவே தோட்டத்துச் சங்கதிகள் வரும்: எடைபோடுவதில் குறை, கள்ளுக்கடைப் பாக்கி, சம்பள நாள். ஆர்மோனிய வாத்தியார் இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டே விரலை ஓட்டுவார். எவ்வளவு நேரம் வாதம் நீண்டாலும் அவர் சுருதியைப் பிடித்தபடி காத்திருப்பார். பதில் விழுந்ததும் பாட்டை எடுத்துக் கொடுப்பார். எங்கள் நாடகத்தின் உயிர் அந்தக் காத்திருப்பில் இருந்தது என்பது என் எண்ணம்.

அந்த வாத்தியார் சிவப்புக் கார்டுக்காரர், குடியுரிமை இல்லாதவர். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டுமென்ற சட்டம் இறுகியபோது, பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவரும் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் போனார். ஆர்மோனியத்தையும் எடுத்துக்கொண்டு போனார். அதற்கு முன்பே பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிக்கொண்டிருந்தன. அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். எங்கள் தோட்டத்துக்கு அந்த யோகம் இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயங்களை விட்டுத் தாப்பா டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளுக்கு வந்துசேர்ந்தோம். அர்ச்சுனன் ஒரு பக்கம், கிருஷ்ணர் ஒரு பக்கம். நாடகம் அதோடு நின்றது.

நான் ஆசிரியையாகி ஓய்வும் பெற்றேன். இப்போது தாமானில் பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. பொது மண்டபத்தில் ஒரு இசை நாடகம் போடலாம் என்று பேச்சு வந்தபோது பெற்றோரில் பலரும் சிண்டரெல்லா என்றார்கள். எனக்கு அந்தக் கதைமேல் கோபம் எதுவும் இல்லை. 1957 மார்ச்சில், நம் நாடு சுதந்திரம் அடைவதற்கு ஐந்து மாதம் முன்னால், ரோட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் இசை நாடகமாக்கிய சிண்டரெல்லா அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. ஜூலி ஆண்ட்ரூஸ் பாடியதை ஒரே இரவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அவர்கள் தங்கள் பாட்டிக் கதையை எடுத்துப் புதுப்பாட்டுக் கட்டி நிமிர்ந்து நின்றார்கள். மலாய்க்காரர்களும் அப்படித்தான். லெடாங் மலை இளவரசியின் கதையை 2006இல் கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் பெரும் இசை நாடகமாக ஏற்றினார்கள். நம்மிடம் பாட்டோடு சேர்ந்தே ஒரு கதை இருக்கும்போது அதை ஏன் பரணில் போட வேண்டும் என்று கேட்டேன். பவளக்கொடி என்று முடிவானது. அர்ச்சுனன், கிருஷ்ணர், பபூன் எல்லாருமே பெண்பிள்ளைகள். பவளக்கொடி என் பேத்தி.

கதையைச் சொன்ன அன்றே அவள் கேட்டாள்.

“பாட்டி, கிருஷ்ணர் ஐடியா குடுத்தாரு, அர்ஜுனன் ஏமாத்துனாரு, கல்யாணம் ஆயிடுச்சு. அவங்களுக்கு ஓகேவான்னு யாருமே கேக்கலையா?”

மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். முடிவை மாற்றிவிடலாம் என்றாள் ஒருத்தி. கல்யாணமே வேண்டாம், பவளத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றாள் இன்னொருத்தி. நான் கதையை வெட்ட ஒப்பவில்லை. வெட்டி ஒழுங்குபடுத்திய கதையில் கோபப்பட ஒன்றும் மிஞ்சாது. தர்க்கம் என்று ஒரு இடம் இருக்கிறது, கேட்க வேண்டியதையெல்லாம் அங்கே அர்ச்சுனனிடம் கேளுங்கள் என்றேன். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த மேடையில் வள்ளி நாரதரையே மடக்குவாள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் அந்தத் தர்க்கத்தைக் கேட்கத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து ஒத்திகையில் அர்ச்சுனனுக்கு நிம்மதி இல்லை.

அடுத்த சண்டை இசைக்கு. பாட்டையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்து, மேடையில் ஓடவிட்டு, பிள்ளைகள் வாயசைத்தால் போதும், தப்பே வராது என்றார்கள். இப்போது பள்ளி விழாக்களிலும் கல்யாண மேடைகளிலும் இதுதான் வழக்கம். இதை நான் முழு மனதோடு எதிர்த்தேன், இன்னும் எதிர்க்கிறேன். பதிவு செய்த இசை யாருக்காகவும் காத்திருக்காது. என் பேத்தி ஒரு கேள்வி கேட்டு, அர்ச்சுனன் திணறி, கூட்டம் சிரித்து அடங்கும்வரை அது நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். தர்க்கம் செத்துப்போகும். வாயசைக்கும் பவளக்கொடிக்குச் சொந்தமாகக் கேட்க ஒரு கேள்வியும் இருக்க முடியாது. பிள்ளை தப்பாகப் பாடினால் பாடட்டும். அது அவள் குரல்.

ஆர்மோனியம் வாசிக்க ஆள் தேடி அலைந்தோம். பீடோரில் பஜனைக்கு வாசிக்கும் ஒரு பெரியவர் வந்தார். மிருதங்கத்துக்குக் கோயிலில் வாசிக்கும் பையன். சுருதியை ஐந்து கட்டைக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஒலிவாங்கியை வாயருகே வைத்து மெல்லப் பாடிப் பழகிய தொண்டைகள் இவை. சுருதியை இறக்கி, சுங்கை பாத்தாங் பாடாங் கரையில் பிள்ளைகளை நிறுத்தி, எதிர்க்கரைக்குக் கேட்கும்படி பாடச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார்கள். ஆற்றுச் சத்தத்துக்கு மேலே சொல் கேட்க வேண்டுமென்றால் வயிற்றிலிருந்து பாட வேண்டும் என்பது அங்கே புரிந்தது. பேத்தியின் குரல் ஒரு நாள் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த செமாய்ப் பழங்குடிக்காரர் ஒருவர் தூண்டிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குரலில் அம்மாவைக் கேட்டேன்.

நாடகம் ஒன்றேகால் மணி நேரம். அந்தக் காலத்துக் கணக்குக்கு அது பபூன் வந்துபோகும் நேரம். கூட்டத்தில் பாதிப்பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி பார்த்தார்கள். அடுத்த அடியைத் தாங்களே முணுமுணுக்கும் சனங்களை அங்கே காணவில்லை. அந்த இழப்பு என்னை வருத்துகிறது. அப்படிக் கேட்கத் தெரிந்த கூட்டத்தை ஒரு நாடகத்தால் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் தர்க்கம் வந்தது. “என்னைக் கேட்காமல் என்மேல் மாலை விழுந்தால் அது மாலையா, கயிறா?” என்று பேத்தி சொந்தமாகக் கட்டி வந்த வரியைப் பாடி நிறுத்தினாள். அர்ச்சுனன் வேஷம் கட்டிய பிள்ளைக்கு நிஜமாகவே பதில் வரவில்லை. பீடோர் பெரியவர் துருத்தியை விடாமல் சுருதியில் நின்றார். கைப்பேசிகள் இறங்கின. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், “பதில் சொல்லு அர்ச்சுனா!” என்று குரல் கொடுத்தார். மண்டபமே அவரோடு சேர்ந்துகொண்டது.

அடுத்த ஆண்டுக்கு அல்லி போட வேண்டுமென்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அல்லி கதையில் அர்ச்சுனன் பாம்பாக வந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். இப்போதே அதற்குக் கேள்வி எழுதத் தொடங்கிவிட்டார்கள், அர்ச்சுனன் வேஷத்துக்குத்தான் யாரும் கைதூக்கவில்லை. பீடோர் பெரியவருக்கு வயதாகிறது. பிள்ளைகளில் இரண்டு பேரை சனிக்கிழமைதோறும் அவரிடம் ஆர்மோனியம் கற்க அனுப்பியிருக்கிறேன்.