செல்போன் இலக்கணம்: விளாத்திகுளம் வழக்கு

இவ்வாய்வின் எல்லையாவது: கிழக்கே வேம்பார், சிப்பிகுளம் கடற்கரை, மேற்கே எட்டயபுரம் சாலை, வடக்கும் தெற்கும் சிக்னல் கிடைக்குமளவும். களம், விளாத்திகுளம் டீக்கடை ஒன்றின் பெஞ்சு. ஆய்வுக்கு உட்பட்டோர் அதில் உட்கார்ந்தவர்கள். கேள்வி கேட்டபோது "தம்பி எந்தக் கட்சி?" என்று திருப்பிக் கேட்டவர்களும் கணக்கில் சேர்க்கப்பட்டனர். அவர்களை நீக்கினால் பெஞ்சு மட்டுமே மிஞ்சும்.

நிறுவப் புகுவது யாதெனின்: இவ்வட்டாரத்தார் செல்போனைப் பேசுவதற்காக வாங்கவில்லை. அதில் கேமரா வந்தபோது அழகு பார்க்கவும் வைத்துக்கொள்ளவில்லை. அதைச் சாட்சி சொல்ல வைத்தார்கள்.

முதலில் வரலாறு. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்ததே இந்நாட்டின் முதல் செல்போன் பேச்சு. அந்நாளில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. கூப்பிட்டவனுக்கு மட்டுமன்றி எடுத்துக் காதில் வைத்தவனுக்கும் காசு போயிற்று. கடன் கேட்டு வரும் போனுக்கும் கைக்காசைக் கொட்ட வேண்டிய இக்கொடுமை 2003-இல்தான் ஒழிந்தது. அதே ஆண்டில் நோக்கியா 1100 வந்தது. உலகெங்கும் 25 கோடி விற்ற அந்தப் போனில் கேமரா இல்லை. தலையில் டார்ச் இருந்தது. களத்தில் காயும் மிளகாய் வத்தலுக்கு இரவுக் காவல் படுப்பவருக்கு முதலில் பாம்பு தெரிய வேண்டும், பேச்சு பிறகு. ஆகவே இக்கரிசல் மண்ணுக்குச் செல்போன் விளக்காகவே வந்தது என்க.

அற்றேல், பேசவே இல்லையோ எனின், பேசினர். ஆனால் எடுக்காமல் பேசினர். மிஸ்டு கால் எனப்படும் இக்கலைக்குத் தனி இலக்கணமே உண்டு. கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் கொண்டு மாத்திரையை அளந்தார் தொல்காப்பியர். இங்கே அளவு மணி. ஒரு மணி அடித்து நின்றால் குறில்: "பஸ் ஏறியாச்சு". இரண்டு மணி நெடில்: "இறங்கியாச்சு, வண்டி கொண்டா". அதற்கும் மேலே நீண்டால் அளபெடை: காசு போனாலும் பரவாயில்லை, எடு. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிய விளாத்திகுளம் சுவாமிகளின் ஊரில் ஒற்றை மணியில் சேதி முடிக்கும் கலை தழைத்தது எப்படி என்பதை இசை ஆய்வாளர்கள் கவனிப்பார்களாக.

இனி கேமரா. 1997 ஜூன் 11 அன்று அமெரிக்காவில் பிலிப் கான் என்பவர், மனைவி பிரசவித்த மருத்துவமனையில் இருந்தபடியே டிஜிட்டல் கேமராவையும் செல்போனையும் மடிக்கணினி வழியே பிணைத்து, பிறந்த மகளின் படத்தை உற்றார்க்கெல்லாம் அனுப்பினார். 2000-ஆம் ஆண்டு ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் கேமராவை உள்ளேயே வைத்து விற்றது; அதன் கண்ணுக்கு 1.1 லட்சம் புள்ளிகள்தான். ஆக, செல்போன் அனுப்பிய முதற்படமே ஒரு பிரசவ வார்டில் பிறந்திருக்கிறது. "யாரு சாடை?" என்ற கேள்வியோடு இன்று குடும்பக் குழுக்களில் வந்து விழும் பச்சைக் குழந்தைகள் அம்மரபுக்கு உட்பட்டவையே.

அதற்கு முன் இங்கே படம் என்றால் ஸ்டுடியோ. "நாடிய இறக்குங்க, கண்ண மூடாதீங்க" என்ற கட்டளைக்கு அடங்கிய முகமே கல்யாணத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் ஆயிற்று. கடைசியில் மாலை போட்டுக்கொண்டதும் அதே முகம். செல்போனில் கேமரா வந்த பிறகும் படம் அனுப்பக் காசு கரைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பின்னர்தான் சாட்சிகள் ஊர்விட்டு ஊர் போகத் தொடங்கினர்.

முதல் பெரிய வழக்கு படைப்புழு. 2018-இல் அது மக்காச்சோளக் குருத்தில் இறங்கியது. முன்பெல்லாம் தின்ற இலையைக் கிள்ளி, மடியில் சுருட்டி, பஸ் ஏறிப் பூச்சிமருந்துக் கடைக்குப் போவார்கள். போய்ச் சேர்வதற்குள் இலை வாடும், புழு இறங்கிப் போயிருக்கும். இப்போது படம் முன்னே போகிறது. கடைக்காரர் இரண்டு விரலால் விரித்துப் பார்த்து, "சித்தப்பா, புழு மேல ஒங்க வெரல் இருக்கு, எடுத்துட்டு மறுபடி அனுப்புங்க" என்கிறார். மறுபடம் வருகிறது, விரல் தெளிவாக விழுந்திருக்கிறது.

வத்தல் வியாபாரத்தில் சாட்சி தடுமாறியது. படத்தில் எல்லா வத்தலும் சிவப்புத்தான். "நெறம் இருக்கு அண்ணாச்சி, காய்ச்சல் எப்படி?" என்று வியாபாரி கேட்டால் படம் விழிக்கும். நன்றாகக் காய்ந்த வத்தலை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். எனவே வத்தலைக் கை நிறைய அள்ளிச் செல்போன் அருகே குலுக்கும் வீடியோ பிறந்தது. முகம் இல்லை, பேச்சு இல்லை, பின்னணிப் பாட்டும் இல்லை; சலசலப்பு மட்டும். இளைஞர்கள் போடும் ரீல்ஸைவிட இது உயர்ந்த கலை என்பது இவ்வாசிரியரின் துணிபு. ரீல்ஸைப் பற்றி வேறு நூல்கள் வரும்.

இவ்வளவுக்கும் இது பாராமல் வாங்கிய கடற்கரை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நாளில், திறவாத சிப்பியை ஆயிரம் இவ்வளவு என்று ஏலம் எடுத்தார்கள். உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்கியவன் பாடு. 1961-இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. இன்றோ சீலா மீனுக்கும் படம் கேட்கிறார்கள். அதுவும் செவுளைத் தூக்கிக் காட்டி.

புறனடை ஒன்று: 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்கள் அனைத்திலும் செல்போனுக்குத் தடை விதிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. முருகனைப் பார்த்ததற்கு மட்டும் சாட்சி வேண்டியதில்லை.

வேலை பார்த்ததற்கு வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் பணித்தளங்களில் செயலி வழி வருகை கட்டாயமாயிற்று. ஒரு நாளைக்கு இரண்டு படம், எடுத்த இடமும் நேரமும் சேர்த்து. மண் அள்ளுவதைவிடப் படத்துக்கு நிற்பதே கடினமாயிற்று. பொறுப்பாளர் சிக்னல் தேடிக் கண்மாய்க் கரை ஏறுவார். கீழே அத்தைமார் வரிசை கலையாமல் வெயிலில் நிற்பார்கள். சினிமா நடிகைக்கும் இத்தனை முறை நிற்க வாய்த்திராது. ஆயினும் தம் படத்தை அவர்கள் பார்த்ததில்லை. அது நேரே அரசாங்கத்துக்குப் போயிற்று.

அரசாங்கமும் பார்த்தது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள், படத்தையே படம் எடுத்த படங்கள், ஒரே ஆள் பல படங்களில் நிற்பது என்று நாடெங்கும் நடந்தவற்றை 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் சுற்றறிக்கையில் வரிசைப்படுத்தியது. இனிப் படங்களை ஊராட்சி அளவில் ஆள் வைத்துக் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்றது. சாட்சியை விசாரிக்கச் சாட்சி வேண்டும் என்பது இதனால் பெறப்பட்டது. அங்ஙனமாயின், சரிபார்த்தவர் உண்மையிலேயே பார்த்தாரா என்று கடா எழும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு படம் எடுத்து ஏற்றிவிடலாம் என்பாரும் உளர்.